சியாப்பா வசந்தா?

மலருக்கும் கபிலனுக்கும்,

போன ஞாயிறு பாக்கார் ஆராங்கில் நம் தாமான் குடியிருப்பு மண்டபத்து வாசகர் கூட்டத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், இப்போதுதான் வந்தீர்கள். அன்றைக்குப் பேச எடுத்தது லாரித் தொழில் செய்யும் மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றிய நாவல். வந்தவர்களில் பாதிப் பேர் "நல்லா இருந்துச்சு" என்றார்கள். மீதிப் பேர் "கடைசியில கொஞ்சம் சோகம்" என்றார்கள். பிறகு எல்லாரும் கறிபாப் தட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் எழுந்து, நடு அண்ணன் லாரியை விற்கச் சம்மதிக்கும் இடம் எனக்கு ஒப்பவில்லை என்றேன். முந்தின அத்தியாயத்தில் அதே லாரியின் டயரைத் தடவிக்கொண்டு நின்றவன், ஒரே பேச்சில் தலையாட்ட மாட்டான். எதிரே இருந்த ஒருவர் மறுத்துப் பேசினார். இரண்டு பேர் குரலும் கொஞ்சம் உயர்ந்தது.

திரும்பி வரும்போது காரில், மலர், நீ கேட்டாய்: "ஏம்ப்பா, அந்த நடு அண்ணன் நமக்கு என்ன சொந்தமா? இப்படி சண்ட போடுறீங்க."

கபிலன், நீ ஓட்டிக்கொண்டே சிரித்தாய். "ரெண்டு ஸ்டார் போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்லாப்பா. கதையில வர்ற ஆளுக்காக யாராச்சும் மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாங்களா?"

வைத்துக்கொண்டார்கள் ஐயா. கதையில் வந்த ஒருத்திக்காக எங்கள் தொழிற்சாலையில் ஒரு மனிதருக்கு வேலையே போகப் பார்த்தது. அந்த விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மலர், நீ அப்போது ஐந்தாம் படிவப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கபிலன், உனக்குப் பந்து விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் வீட்டில் நான் இதை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதித் தருகிறேன்.

நான் மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, சுங்கை பட்டாணியில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு தரப் பரிசோதனைப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேதான் புஷ்பா அக்காவிடம் வந்து சேர்ந்தேன். அவர் எங்கள் பகுதிக்கு சூப்பர்வைசர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்க விட்டிருப்பார். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

எங்கள் வேலை ஓட்டை பார்ப்பது. குவியலிலிருந்து கையுறைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குழாயின் வாயில் மாட்டுவோம். உள்ளே தண்ணீர் ஊற்றுவோம். அது மாட்டு மடி மாதிரி கனத்துத் தொங்கும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால்கூட ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். விரல் இடுக்கில்தான் அதிகம் வரும். கட்டை விரல் அடியிலும் வரும். வெளியே ஈரம் இருந்தால் நம் கை ஈரமா, கையுறை ஒழுகுகிறதா என்று தெரியாது. அதனால் முதலில் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒன்றைக் கழற்றி "இது ரிஜெக்ட்க்கா" என்று நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்:

"எங்க?"

"ஒழுகுதுக்கா."

"ஒழுகுது சரி. எங்க ஒழுகுது, காட்டு."

காட்டத் தெரியவில்லை. திரும்ப மாட்டி, துடைத்து, சொட்டு வரும் இடத்தில் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த வழக்கம் மாறவில்லை. இடத்தைக் காட்டாமல் யாரும் எதையும் கெட்டது என்று சொல்ல முடியாது. இடத்தைக் காட்டாமல் நல்லது என்றும் சொல்ல முடியாது, "எங்கெல்லாம் பாத்தே?" என்பார்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். ஒரு நாள் மத்தியான ஓய்வில் அதை என்னிடம் கொடுத்தார். அதுவரை பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் எதையும் முழுதாகப் படித்ததில்லை. கம்பெனி பஸ்ஸிலேயே படித்து முடித்து, திருப்பிக் கொடுக்கும்போது "நல்லா இல்லக்கா" என்றேன்.

கண்ணாடி மூக்குக்கு ஏறியது. "எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் மறுபடி படித்தேன். மறுபடி படிக்கும்போதுதான் எந்த இடத்தில் எனக்கு அலுப்புத் தட்டியது என்று பிடிபட்டது. அந்தப் பக்கத்தில் கதாநாயகன் அழுகிறான், ஆனால் அவன் அழுவதற்கு முன்னாலேயே எழுத்தாளர் அழுதுவிடுகிறார். அக்காவிடம் காட்டினேன். "ம், ஒழுகுது" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம், சம்பள உயர்விலும் கிடைக்கவில்லை.

அப்படித்தான் கேண்டீனில் எங்கள் மேசை உருவானது. வழக்கம் ஒன்றுதான்: நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் இடத்தைக் காட்ட வேண்டும். கழித்துப்போட்ட கையுறைகளின் மணிக்கட்டு விளிம்பை வெட்டினால் ரப்பர் வளையம் கிடைக்கும். காட்ட வேண்டிய பக்கத்தில் அடையாளமாக அதை மாட்டிக்கொண்டு வருவோம். பேச்சு முடிந்து புத்தகம் அடுத்த ஆளுக்குப் போகும்போது வளையங்களையெல்லாம் கழற்றிவிடுவோம். அவர் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த மேசையில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் முனியாண்டி அண்ணன். ரப்பர் பாலில் மருந்து கலக்கும் பகுதியில் வேலை. உதட்டை அசைத்து மெதுவாகப் படிப்பார். பெரிய குரல், பெரிய கை. இன்னொருவர் சுப்ரா, கொதிகலன் பார்ப்பவர். என் வயசுதான். ஒவ்வொரு நாவலையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்; திறந்தால் ஒரு வரிக்கு மேல் பேசமாட்டார். இரண்டு பேரும் மெர்போக்கிலிருந்து ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருபது வருஷமாக வந்தவர்கள்.

அப்போது மேசைக்கு வந்தது வசந்தா கதை. வசந்தா ஒரு தையல்காரி. புருஷன் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறான். அவள் தைத்துத் தைத்தே பிள்ளைகளை ஆளாக்குகிறாள். கடைசிப் பக்கத்தில், தலை நரைத்துப்போய் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். கதவைத் திறக்கிறாள். சோறு போட்டு மோர் ஊற்றுகிறாள். அவன் சாப்பிட்டுவிட்டு "வசந்தா" என்கிறான். அவள் பதில் பேசாமல் போய்த் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பிக்கிறாள். கதவு திறந்தே கிடக்கிறது. அதோடு நாவல் முடிந்துவிடும்.

அந்தக் கதவுதான் பிரச்சனை. முனியாண்டி அண்ணனும் சுப்ராவும் ஒரே பக்கத்தில் வளையம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"சோறு வேற, உறவு வேறலா" என்றார் முனியாண்டி அண்ணன். "பசிச்சு வந்தவனுக்குப் போட்டா. கதவு தெறந்து கெடக்கறது அவன் எந்திரிச்சுப் போறதுக்கு."

"தெறந்து கெடந்தா அவன் ஏண்ணே போவான்? தெறந்தப்பவே வசந்தா தோத்துட்டா."

"வசந்தா தோக்கல. அவள அப்படிப் பேசாத, சுப்ரா."

"பேசுவேன். அவ ஒரு முட்டாள்."

"டேய், அவள நான் விட்டுக் குடுக்க மாட்டேன்."

"நீங்க யாரு விடறதுக்கும் புடிக்கறதுக்கும்?"

முனியாண்டி அண்ணனின் கை மேசையில் இறங்கியது. தே தாரே தேநீர் கிளாஸ் ஒன்று உருண்டு கீழே விழுந்து உடைந்தது. கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற நேப்பாளக் காவலாளித் தம்பி ஓடி வந்தான். சுப்ரா எழுந்து வெளியே போனார்.

அந்தத் தம்பி நல்ல பையன். தன் கடமையைச் செய்தான். தான் கண்டதையும் கேட்டதையும் மலாயில் எழுதிக் கொடுத்தான். எங்களோடு பழகி அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். இரண்டு ஆண்கள் வசந்தா என்ற பெண்ணைப் பற்றிச் சண்டை போட்டார்கள், ஒருவர் "விட மாட்டேன்" என்று மேசையைக் குத்தினார், கிளாஸ் உடைந்தது, மற்றவர் வெளியே போனார். ஒரு வார்த்தை பொய் இல்லை.

மறுநாள் காலையில் முனியாண்டி அண்ணனுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு பெண்ணை முன்னிட்டுச் சக தொழிலாளியை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. எங்கள் கம்பெனியில் கைகலப்பு, மிரட்டல் இரண்டுக்கும் ஒரே தண்டனைதான்: வீட்டுக்குப் போக வேண்டியது. அவர் மகள் அப்போதுதான் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். அந்த வயசில் இன்னொரு தொழிற்சாலை அவரை எடுக்காது.

புஷ்பா அக்கா உடனே மனிதவளப் பகுதிக்குப் போனார். அதன் தலைவி ஒரு மலாய்க்கார அம்மா, புவான் சல்மா. அக்கா விளக்கிச் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "புஷ்பா, உங்களை எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு கதைப் புத்தகத்துக்காக மேசையைக் குத்தினார்கள் என்று நான் எழுதினால் மேலே இருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். விசாரணையில் நிரூபியுங்கள்" என்றார். அக்காவை முனியாண்டி அண்ணனுக்குத் துணையாக உட்கார அனுமதித்தார். மொழிபெயர்ப்பாளனாக என்னைப் போட்டார்கள். தரப் பரிசோதனையில் மலாயில் அறிக்கை எழுதிப் பழகியவன் என்பதால்.

எனக்குப் பயம் சுப்ராவை நினைத்துத்தான். மிரட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஆள் அவர். அவர் வாய் எப்படித் திறக்கிறதோ அப்படித்தான் தீர்ப்பு. பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முனியாண்டி அண்ணனின் இருக்கை காலியாகத்தான் இருந்தது.

"சுப்ரா, ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்லா."

"மேசையக் குத்துனது நெசம். கிளாஸ் ஒடஞ்சது நெசம். நான் பொய் சொல்ல மாட்டேன், ராஜு."

"அவரு வேல போயிரும்யா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணை மாடியில் பயிற்சி அறையில் நடந்தது. நடுவில் புவான் சல்மா. ஒரு பக்கம் சீன இஞ்சினியர் ஒருவர். மறு பக்கம் ஸ்டோர் பகுதித் தலைவர் என்சே ஹலிம். புவான் சல்மா எல்லாவற்றையும் தன் கையால் எழுதுவார். யாராவது வேகமாகப் பேசினால் பேனாவைத் தூக்கி "பெர்லாஹான்" என்பார், மெதுவாக என்று. முதலில் எனக்குத்தான் உறுதிமொழி. சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, என் கருத்தைச் சொல்லக்கூடாது. எங்கள் மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கடைசி நிபந்தனை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

குற்றச்சாட்டை வாசித்தார்கள். முனியாண்டி அண்ணன் எழுந்து நின்று, "கிளாஸ ஒடச்சது நான். மெரட்டல" என்றார். காவலாளித் தம்பி வந்து தான் எழுதியதையே சொன்னான். அப்புறம் புவான் சல்மா கேட்டார்:

"சியாப்பா வசந்தா?"

யார் இந்த வசந்தா என்று. பதில் சொல்ல புஷ்பா அக்கா எழுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு பேக்கிங் பகுதி வசந்தா அக்கா உள்ளே வந்துவிட்டார். எங்களில் யாருக்கும் இது தெரியாது. கம்பெனியின் பெயர்ப் பதிவில் வசந்தா என்று இருந்தது ஒரே ஆள், சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெறும் வயசு, பேரப் பிள்ளைகள் எடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும் முனியாண்டி அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்காக ரெண்டு ஆம்பள அடிச்சிக்கிட்டாங்கன்னா முன்னாடியே சொல்லக்கூடாதா? நல்ல சேலையாக் கட்டிட்டு வந்திருப்பேன்லா."

என்னைப் பார்த்தார் புவான் சல்மா. உறுதிமொழி எடுத்திருக்கிறேனே. அப்படியே மொழிபெயர்த்தேன். இஞ்சினியர் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா மேசை மேலேயே இருந்தது. வசந்தா அக்காவுக்கு இந்த இரண்டு பேரில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. "எம் பேரு கெட்டுருக்கு, முடிவ கேட்டுட்டுத்தான் போவேன்" என்று பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

புஷ்பா அக்கா நாவலை மேசையில் வைத்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு ரப்பர் வளையம். "வசந்தா இதிலதான் இருக்கா. இவங்க சண்டையும் இதிலதான். அந்தப் பக்கத்தைக் கேளுங்க" என்றார். புவான் சல்மா யோசித்து, வாசிக்கச் சொன்னார்.

கடைசிப் பக்கத்தை நான் வரிவரியாக மலாயில் சொன்னேன். தோட்டத்து மலாய்தான் எனக்கு வரும். நாவல் மலாய் வராது. மோருக்கு மலாயில் என்ன என்று தெரியாமல் 'புளித்த பால் தண்ணீர்' என்றேன். "கெட்டுப்போன பாலையா கொடுத்தாள்?" என்று புவான் சல்மா நிமிர்ந்தார். அவர் முகத்தில், அவனுக்கு அதுதான் சரி என்பதுபோல் ஏதோ இருந்தது. அக்கா விளக்கினார். மேலே வாசித்தேன். வசந்தா தையல் மெஷினுக்குத் திரும்பினாள், கதவு திறந்தே கிடந்தது என்று சொல்லி நிறுத்தினேன்.

"பிறகு?" என்றார் என்சே ஹலிம்.

"முடிந்தது, என்சே."

"எப்படி முடியும்? அவன் இருந்தானா, போனானா?"

"அதில் இல்லை, என்சே."

"உள்ளே விட விருப்பம் இல்லையென்றால் ஜன்னல் வழியாகத் தட்டைக் கொடுத்திருக்கலாம்" என்றார் இஞ்சினியர்.

"இல்லை, அவள் திரும்ப வேலையைப் பார்க்கிறாளே, அதைக் கவனியுங்கள்" என்றார் புவான் சல்மா. "அவன் வந்தது அவள் வேலையைக்கூட நிறுத்தவில்லை." சொல்லிவிட்டுச் சட்டென்று பேனாவை எடுத்து, "இது விசாரணை" என்றார், தனக்கே சொல்வதுபோல்.

புஷ்பா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சண்டை எதைப் பற்றி என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் புவான் சல்மா நேர்மையானவர். "எதைப் பற்றிச் சண்டை என்பது தெரிந்துவிட்டது. புத்தகத்துக்காக மிரட்டினாலும் மிரட்டல் மிரட்டல்தான். திரு. சுப்ராவை எழச் சொல்லுங்கள்" என்றார். சுப்ரா எழுந்தார். புவான் சல்மா ஒரே கேள்வி கேட்டார். அவர் மேசையைக் குத்தியபோது உங்களுக்குப் பயம் வந்ததா?

நான் தமிழில் கேட்டேன். முனியாண்டி அண்ணன் தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு" என்றார் சுப்ரா.

அதை நான் மலாயில் சொல்ல வேண்டும். சொன்னேன். புவான் சல்மா எழுதினார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

சுப்ரா உட்காரவில்லை.

"அவரப் பாத்து இல்ல" என்றார். "எங்கப்பா நாங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப தோட்டத்த விட்டு ஓடிட்டாரு. ஜித்ராவுல இன்னொரு குடும்பம். வயசான காலத்துல திரும்பி வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னாரு. எங்கம்மா தெறக்கல. விடியற வரைக்கும் நின்னுட்டுப் போயிட்டாரு. எங்கம்மா செஞ்சதுதான் சரின்னு நான் இத்தன வருசமா இருந்தேன். இவரு வசந்தாவுக்காக மேசையக் குத்தறப்ப, எங்கம்மா செஞ்சது தப்போன்னு ஒரு பயம் வந்துச்சு. அதான் எந்திரிச்சு வெளிய போனேன்."

நான் வரிவரியாகச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'தெறக்கல' என்பதை மட்டும் சொல்லும்போது கொஞ்சம் நின்றுதான் சொல்ல முடிந்தது. யாரும் 'பெர்லாஹான்' என்று சொல்லவில்லை. புவான் சல்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

பின்னாலிருந்து பேக்கிங் வசந்தா அக்காவின் குரல் வந்தது. "ஒங்கம்மா செஞ்சது தப்பில்லப்பா."

முனியாண்டி அண்ணன் எழுந்தார். பேச அனுமதி கேட்கும்படி என்னிடம் சொன்னார், கிடைத்தது.

"இருவது வருசம் பக்கத்துல ஒக்காந்து வந்தேன், இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மேசையக் குத்தியிருக்க மாட்டேன்." சுப்ரா பக்கம் திரும்பினார். "ஆனா வசந்தா தோக்கலங்கறத சொல்லியிருப்பேன். அவங்கம்மா தெறக்காதது சரி. வசந்தா தெறந்ததும் சரி. ரெண்டு பேரும் வேற வேற ஆளு."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. திரும்பி வந்து புவான் சல்மா நின்றபடியே வாசித்தார். மிரட்டல் நிரூபிக்கப்படவில்லை. கைகலப்பும் நிரூபிக்கப்படவில்லை. கிளாஸ் உடைந்ததற்கு வாய்வழி எச்சரிக்கை. முனியாண்டி நாளைக் காலை வேலைக்குத் திரும்பலாம். வேலையில் இல்லாத நாட்கள் வேலை செய்த நாட்களாகவே கணக்கிடப்படும். கடைசியாக ஒன்று சேர்த்தார்: புத்தகம் பேசுகிறவர்கள் இனிமேல் கேண்டீனில் பேச வேண்டாம், மற்றவர்கள் பயந்துபோகிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியான ஓய்வில் இந்தப் பயிற்சி அறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும்.

பிள்ளைகளே, இத்தனை வருஷ வேலையில் நான் கண்ட வெற்றிகளில் அதுதான் பெரியது. எனக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். ஆனால் அறையை விட்டு இறங்கும்போது படிக்கட்டில் எங்கள் மேசைக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். யாரோ கை தட்ட, கீழே உற்பத்தி லைன் வரைக்கும் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பேக்கிங் வசந்தா அக்காவும் வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அவர் காட்டும் இடத்தை யாராலும் மறுக்க முடியாது. காவலாளித் தம்பியையும் கூப்பிட்டோம். அவன் தன் நாட்டுக் கதைகளை மலாயில் சொல்லுவான். நான் ஓய்வு பெறும்வரை ஒரு வெள்ளிகூட அந்த அறை காலியாக இருந்ததில்லை.

அதனால் மலர், நடு அண்ணன் நமக்குச் சொந்தம் இல்லைதான். ஆனால் அவனைப் பற்றி நாம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நமக்குத் தெரிய வருகிறது. ரெண்டு ஸ்டாரில் அது தெரியாது, கபிலன். இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது ஆற்றங்கரையில் இறால் வளர்க்கும் ஒரு குடும்பத்தின் கதை. பாதிதான் ஆகியிருக்கிறது. மூத்த மருமகள் பேசாமல் இருக்கும் இடங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பேச ஆரம்பித்தால் எழுத்தாளரின் குரல் வந்துவிடுகிறது. முடித்ததும் தருகிறேன். எனக்கு மரியாதை கொடுத்து ஆமாம் போடாதீர்கள்.

அந்த விசாரணை முடிந்த சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முனியாண்டி அண்ணன் எங்களோடு கம்பெனி பஸ் ஏறினார். அவர் இருக்கையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சுப்ரா முன்பே வந்து ஜன்னலோரம் இருந்தார். முனியாண்டி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பின்னால் இருந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஊரைத் தாண்டி செம்பனைத் தோட்டங்களுக்குள் நுழைகிற வரைக்கும் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

பிறகு சுப்ரா பையைத் திறந்து ஒரு நாவலை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இதப் படிங்கண்ணே" என்றார். "இதுல வர்றவளையும் நீங்க தப்பாத்தான் புரிஞ்சிக்குவீங்க."